பதினேழு மில்லிமீட்டர் பள்ளம்

காரின் முன்கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது பசை. இன்ஜினைத் தாங்குபவை போல்ட்டுகள். சக்கரத்தை அச்சோடு இறுக்கி வைத்திருப்பவை நான்கைந்து நட்டுகள். டயரை ரிம்மோடு சேர்த்து வைத்திருப்பது எது? அங்கே நட்டு இல்லை, பசை இல்லை, கொக்கியும் இல்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும்போதும், எதிரே மாடு வந்து சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும், அந்த விசை முழுவதும் ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே கைமாறியாக வேண்டும். அந்த இணைப்பைக் காப்பவை மூன்று: உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம், இரண்டு பரப்புகளுக்கு நடுவே உராய்வு, மில்லிமீட்டர் கணக்கில் வகுக்கப்பட்ட ஒரு வடிவம்.

புது வண்டிக்கு இந்த இணைப்பை ஆலையிலேயே செய்து அனுப்பிவிடுகிறார்கள். அதன்பின் வண்டியின் ஆயுள் முழுக்க இது நடப்பது ஊரிலுள்ள டயர் கடையில்தான். ஆலையிலிருந்து வரும் டயர் இன்னும் முடிவடையாத பொருள். அதன் கடைசிக் கட்ட வேலை கடையில், சில நிமிடங்களில், ஒருவருடைய கையால் முடிகிறது. அந்த நிமிடங்களுக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம்.

நீளாத வளையம்

டயரின் பக்கவாட்டில் 185/65 R15 88H என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் காணக்கூடிய அளவு இது. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். R என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்ற குறியீட்டுக்கு ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்று பொருள். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அது தாக்குப்பிடிக்கும். அதே பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3224 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்த டயர். வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் ரப்பர் ஆக்சிஜனோடும் ஓசோனோடும் வினைபுரிந்துகொண்டேதான் இருக்கும்.

இனி டயரைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், வெளியே பட்டன் எனப்படும் மேடுகள் உள்ள தடித்த ரப்பர். அதன்கீழ் எஃகு இழைப் பட்டைகள். அதற்கும் உள்ளே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குறுக்கே ஓடும் பாலியெஸ்டர் நூல்கள். ஆகக் கடைசியில், காற்றைக் கசியவிடாத பியூட்டைல் வகை ரப்பரின் மெல்லிய உள்தோல். இத்தனை அடுக்குகளும் இரண்டு ஓரங்களிலும் ஒரு வளையத்தைச் சுற்றி மடிந்து நிற்கின்றன. அந்த ஓரத்துக்கு பீட் என்று பெயர். அதற்குள்ளே இருப்பவை, ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமனுள்ள உயர்வலிமை எஃகுக் கம்பிகள். ரப்பர் கெட்டியாக ஒட்டிக்கொள்ள அவற்றின்மேல் வெண்கலமோ செம்போ பூசியிருக்கும். பல சுற்றுகள் சேர்ந்து ஒரே வளையமாகின்றன.

டயரை நாம் நீட்டலாம், மடக்கலாம், அழுத்தலாம். பீட் மட்டும் நீளாது, நீளக்கூடாது. அது நீண்டால் காற்றடித்த மறுகணம் டயர் ரிம்மைவிட்டு வெளியேறிவிடும். டயர் தொழில்நுட்பம் முழுவதும் இந்த நீளாமையின்மேல்தான் நிற்கிறது. டயர் மாட்டுவதில் உள்ள சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளத்தின் கணக்கு

15 அங்குல ரிம்மில் பீட் உட்காரும் தளத்தின் விட்டம் சுமார் 380 மில்லிமீட்டர். பீட்டின் உள்விட்டமும் ஏறக்குறைய அதுவே. பிடிப்புக்காக இம்மியளவு குறைவு. ஆனால் அந்தத் தளத்துக்கு வெளியே ரிம்மின் ஓரம் 17 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. டயர் பக்கவாட்டில் நழுவாமல் காப்பது அந்த ஓரம்தான். ஓரத்தோடு சேர்த்து அளந்தால் விட்டம் 414 மில்லிமீட்டர். ஆக, 380 மில்லிமீட்டர் விட்டமுள்ள, நீளாத ஓர் எஃகு வளையம் 414 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தடையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அதுவும் அறுபடாமல், கோணாமல்.

வளையல் கடைக்காரர் செய்வதும் இதைத்தான். கண்ணாடி வளையல் விரியாது. மணிக்கட்டைவிடக் கைமுட்டி பெரியது. அவர் கையைக் குவிக்கச் சொல்கிறார், சோப்பு தடவுகிறார், கட்டைவிரல் பக்கத்தை உள்ளே மடக்கி இடம் உண்டாக்கி, மறுபக்கமாக வளையலை ஏற்றுகிறார். ரிம் உலோகம் என்பதால் அதைக் குவிக்க முடியாது. எனவே குவித்த வடிவத்தையே அதில் நிரந்தரமாக வார்த்துவிட்டார்கள். ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் அழகு புரியும். பீட் தளத்தின் ஆரம் 190 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் 17 மில்லிமீட்டர் என்றால், பள்ளத்தின் அடியில் ஆரம் 173. ஓரத்தின் உச்சியில் ஆரம் 207. இப்போது பீட்டின் ஒரு பகுதியை மட்டும் பள்ளத்துக்குள் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து மையம் வழியாக எதிர்ப்பக்க ஓரத்தின் உச்சி வரை தூரம் 173-ஐயும் 207-ஐயும் கூட்டினால் வருவது. சரியாக 380. வளையத்தின் விட்டமும் அதுவே. ஒரு மில்லிமீட்டரும் நீளாமல் பீட் ஓரத்தைத் தாண்டிவிடுகிறது. ஓரம் எவ்வளவு உயர்கிறதோ, பள்ளம் அவ்வளவு ஆழமாவது இருக்க வேண்டும் என்பதே இதன் விதி. உண்மையான டயரில் பீட்டுக்குத் தடிமன் உண்டு, வளையம் சாய்ந்து ஏறுகிறது. அதனால் சிறு மாற்றங்கள் வரும். அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை.

இந்தத் தீர்வுக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல். ஜான் பாய்ட் டன்லப் 1888-ல் காற்றடைத்த மிதிவண்டி டயருக்குக் காப்புரிமை பெற்றபோது, டயரைத் துணியால் சுற்றி ரிம்மில் ஒட்டித்தான் வைத்தார். பஞ்சர் ஆனால் அத்தனையையும் பிரிக்க வேண்டும். 1890-ல் பிரிட்டனில் இரண்டு மாற்று வழிகள் காப்புரிமை பெற்றன. வில்லியம் எர்ஸ்கின் பார்ட்லெட் டயரின் ஓரத்தைக் கொக்கிபோல் வளைத்து, ரிம்மின் வளைந்த ஓரத்துக்குள் செருகினார். சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் டயரின் ஓரத்தில் நீளாத கம்பியை வைத்து, ரிம்மின் நடுவில் பள்ளம் இட்டார். கார்கள் வந்த தொடக்கக் காலத்தில் பார்ட்லெட்டின் கொக்கி வகையே பரவலாக ஓடியது. நாளடைவில் வண்டிகளின் எடையும் வேகமும் கூடியபோது நிலைத்து நின்றது வெல்ச்சின் கம்பியும் பள்ளமும்தான். இன்று உலகெங்கும் கார் சக்கரங்களில் இருப்பது அந்த யோசனையின் வாரிசு.

மெஷின் மேல்

இனி கடைக்குள் போவோம். பழைய டயரைக் கழற்ற, முதலில் வால்வுக்குள் இருக்கும் சிறிய பின்னைத் திருகி எடுத்து காற்று முழுவதையும் விடுகிறார்கள். காற்று போனாலும் பீட் தளத்தைவிட்டு அசையாது. பல ஆண்டு அழுத்தத்தில் அது ரிம்மோடு ஒட்டிக் கிடக்கும். மெஷினின் பக்கவாட்டில் உள்ள அகன்ற தட்டு டயரை அழுத்தி, பீட்டைத் தளத்திலிருந்து பெயர்த்துப் பள்ளத்தின் பக்கம் தள்ளுகிறது. பிறகு ரிம்மைச் சுழல்மேசையில் பிடித்து, பெயர்ந்த பீட்டை லீவரால் தூக்கி, வாத்து மூக்கு வடிவிலுள்ள ஒரு தலைமேல் ஏற்றி மேசையைச் சுற்றினால் டயர் கழன்று வருகிறது.

வெறும் ரிம் கையில் இருக்கும் இந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. பீட் உட்காரும் தளத்தில் துருவோ, காய்ந்த ரப்பர் துணுக்கோ, அலாய் ரிம் என்றால் வெள்ளையாகப் பூத்த அரிப்போ இருக்கலாம். கம்பித் தூரிகையால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் காற்றைத் தடுப்பதற்கு வேறு எந்த வளையமும் வாஷரும் கிடையாது. ரப்பர் நேராக உலோகத்தில் அழுந்துவதுதான் அடைப்பு. ஒரு மணல்துகள் அளவு மேடு போதும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்க. பஞ்சரும் இல்லை, ஆணியும் இல்லை, ஆனாலும் வாரம் இரண்டு பி.எஸ்.ஐ. குறைகிறது என்று பலர் அலுத்துக்கொள்ளும் கதையின் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வால்வையும் இப்போதே மாற்ற வேண்டும். அது ரிம்மின் துளையில் உள்ளிருந்து இழுத்துப் பொருத்தும் ரப்பர்த் தண்டு. டயருக்கு வயதானால் அதற்கும் வயதாகிவிட்டது என்று பொருள். விலையில் அற்பமான இந்தப் பொருளை டயர் மாட்டிய பிறகு மாற்ற வேண்டுமானால், பீட்டை மீண்டும் பெயர்த்தாக வேண்டும். உள்ளே காற்றழுத்த உணரி பொருத்திய வண்டி என்றால், அது வால்வின் உள்முனையில் இருப்பதை மெஷின்காரர் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பீட் அதன்மேல் ஏறி நசுக்கிவிடும்.

அடுத்து, வழுக்கலுக்கான பசை. நல்ல கடைகளில் தாவர எண்ணெய் சோப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு பேஸ்ட் டப்பா இருக்கும். பீட்டின் இரு பக்கமும், ரிம்மின் ஓரத்திலும் அதைத் தூரிகையால் பூசுகிறார்கள். இந்தப் பசையிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள். மாட்டும்போது வழுக்க வேண்டும். மாட்டி முடித்ததும் காய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ முதல் வேலையை நன்றாகவே செய்யும், இரண்டாவதைச் செய்யவே செய்யாது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை உப்ப வைக்கும். காயாமல் தங்கிவிட்டால், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது ரிம் டயருக்குள்ளேயே சற்றுத் திரும்பிவிடும். புது டயர் மாட்டிய அன்றே முழு வேகத்தில் போகாதீர்கள், கடுமையாகப் பிரேக் பிடிக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பசை காய அவகாசம் வேண்டும்.

இப்போது டயர் ரிம்மின்மேல் ஏறுகிறது. பள்ளம் ரிம்மின் சரியான நடுவில் இருப்பதில்லை. ஒரு பக்க ஓரத்துக்கு அருகில் இருக்கும். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால்தான் பீட் சுலபமாகப் பள்ளத்தை எட்டும். முதலில் கீழ்ப்பக்க பீட் உள்ளே போகிறது. அது அதிகம் அடம்பிடிப்பதில்லை. மேல் பீட்டுக்கு வரும்போதுதான் கைத்திறன் தேவைப்படுகிறது. வாத்து மூக்குத் தலை ஓரத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே நின்று பீட்டை ஓரத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வழிகாட்டுகிறது. மேசை சுழல்கிறது. அந்நேரம் பணியாளரின் உள்ளங்கை தலைக்கு எதிர்ப்பக்கத்தில் டயரை அழுத்திக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். அந்தக் கை செய்வது ஒரே வேலை: எதிர்ப்பக்க பீட் பள்ளத்தைவிட்டு மேலேறாமல் பார்த்துக்கொள்வது. நாம் மேலே போட்ட கணக்கை அந்தக் கை அறிந்திருக்கிறது.

கை தளர்ந்து பீட் பள்ளத்தைவிட்டு ஏறிவிட்டால், மெஷினின் மோட்டாருக்கு அது தெரியாது. அது தன் பலத்தோடு இழுத்துக்கொண்டே இருக்கும். 380 மில்லிமீட்டர் வளையம் 390-ஐத் தாண்டும்படி வற்புறுத்தப்படும். அப்போது ரப்பர் கிழிந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே கம்பி மடங்கினாலோ அறுந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் மேசை திணறும் சத்தம் கேட்டதும் காலை பெடலிலிருந்து எடுத்து, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி தொடங்குபவரை நான் நல்ல தொழிலாளி என்பேன்.

மாட்டுமுன் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பல புது டயர்களின் பக்கச்சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி இருக்கும். அது டயரின் எடை குறைந்த இடம். ரிம்மில் எடை கூடுதலான இடம் பெரும்பாலும் வால்வு இருக்கும் இடம். மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் அம்பு முன்னோக்கி உருள வேண்டும். உட்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதியிருந்தால் அதையும் மதிக்க வேண்டும். அந்த டயரில் பட்டன்களின் அமைப்பு இரு பாதியிலும் வேறு வேறு.

காற்று போடும் பூட்டு

டயர் ரிம்முக்குள் வந்துவிட்டது. இன்னும் அது ரிம்மோடு சேரவில்லை. இரண்டு பீட்டும் நடுவில் தளர்ந்து கிடக்கின்றன. காற்று அடிக்கத் தொடங்கியதும் பக்கச்சுவர்கள் விரிந்து, பீட்டுகளை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன. பள்ளத்துக்கும் பீட் தளத்துக்கும் நடுவே ரிம்மில் ஒரு சிறிய மேடு உண்டு. ரிம்மின் மேல் 5½J×15 H2 என்பதுபோல் பொறித்திருந்தால், H2 என்பது இரு பக்கமும் அந்த மேடு இருப்பதைச் சொல்கிறது. காற்றழுத்தம் ஏற ஏற பீட் அந்த மேட்டில் முட்டி நின்று, பிறகு ஒரே தாவலில் அதைத் தாண்டி இருக்கையில் விழுகிறது. 'டப்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் மறுபக்கம் இன்னொரு 'டப்'. கடையில் நிற்பவர்களைத் திடுக்கிட வைக்கும் அந்தச் சத்தம் வேலை சரியாக நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

பீட் தளம் மட்டமானதன்று. ஓரத்தை நோக்கி 5 டிகிரி உயர்ந்து செல்கிறது. அதனால் காற்று பீட்டை வெளியே தள்ளும் அளவுக்கு அது மேலும் இறுகுகிறது. தளத்தைவிட இம்மியளவு சிறிய வளையம், சரிவில் ஏறி இறுகும்போது உராய்வு பெருகுகிறது. காற்றின் அழுத்தமே பூட்டாக வேலை செய்கிறது. பஞ்சராகி அழுத்தம் குறையும்போது அந்த மேடு கைகொடுக்கிறது. பீட் சட்டென்று பள்ளத்துக்குள் நழுவாமல் சற்று நேரம் தடுத்து, ஓரமாக வண்டியை நிறுத்த நமக்கு வாய்ப்புத் தருகிறது.

டியூப் இல்லாத டயர் இத்தகைய பிடிப்பை நம்பியே பிறந்தது. அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தின் ஃபிராங்க் ஹெர்செக் உருவாக்கிய டியூப்லெஸ் டயர் 1947-ல் அறிவிக்கப்பட்டது. 1955-க்குள் அமெரிக்காவின் புதுக் கார்களில் அது வழக்கமாகிவிட்டது. டியூப் இருந்த காலத்தில் ஆணி குத்தினால் டியூப் கிழிந்து காற்று ஒரேயடியாகப் போய்விடும். டியூப்லெஸில் ஆணியைச் சுற்றி ரப்பரே இறுகிக்கொள்வதால் காற்று மெல்லத்தான் இறங்கும். நெடுஞ்சாலையில் உயிர்களைக் காப்பாற்றிய முன்னேற்றம் இது.

காற்றின் பலத்தை எண்ணில் பார்த்துவிடுவோம். நம் டயரின் வெளிவிட்டம் சுமார் 62 சென்டிமீட்டர், உள்விட்டம் 38. ஒரு பக்கச்சுவரின் பரப்பு ஏறக்குறைய 1,880 சதுர சென்டிமீட்டர். உள்ளே 40 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், அந்த ஒரு சுவரை வெளியே தள்ளும் விசை 5 டன்னுக்கும் மேல். பீட் நன்றாக உட்கார்ந்திருந்தால் இந்த 5 டன்னும் டயரைக் காக்கும். கம்பி அறுந்திருந்தாலோ, ஓரிடத்தில் பீட் சிக்கி நின்றாலோ, அதே 5 டன் டயரை வெடிக்கச் செய்யும்.

அதனால்தான் பீட்டை உட்கார வைக்க 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது என்று டயர் தொழில்துறை விதித்திருக்கிறது. பல டயர்களின் பக்கவாட்டிலேயே அதை அச்சிட்டிருப்பார்கள். அதற்குள் 'டப்' கேட்கவில்லை என்றால், காற்றை முழுவதும் விட்டு, பசையை மறுபடி பூசி, மீண்டும் முயல வேண்டும். இன்னும் கொஞ்சம் அடித்தால் உட்கார்ந்துவிடும் என்று விசையை அழுத்திக்கொண்டிருப்பது, அதுவும் டயரின்மேல் குனிந்துகொண்டு, உயிரோடு விளையாடுவது. அமெரிக்காவில் சில பழைய இலகு லாரிகளுக்கு 16.5 அங்குல ரிம் உண்டு. தவறுதலாக 16 அங்குல டயரை அதில் ஏற்றிவிட முடியும். ஆனால் பீட் ஒருபோதும் உட்காராது. அது உட்காருமென்று காற்றடித்துக்கொண்டே போனதில் கம்பி அறுந்து வெடித்த விபத்துகள் உண்டு. அரை அங்குலம்தானே என்று விட்டுவிட முடியாத இடம் இது.

டியூப் வைத்த பெரிய லாரி டயர்களில் ஆபத்து இன்னொரு வகை. அந்த பீட் மிகத் தடித்தது. அதைப் பள்ளத்தில் இறக்கி வளைத்து ஏற்றுவது கடினம். எனவே ரிம்மைப் பள்ளமில்லாமல் செய்து, ஒரு பக்க ஓரத்தையே கழற்றக்கூடிய வளையமாக்கிவிட்டார்கள். டயரை நேராகச் செருகி, வளையத்தை மாட்டி, காற்றடித்தால் வளையம் பூட்டிக்கொள்ளும். அந்த லாக் ரிங் சரியாகப் பதியாமல் காற்று ஏறினால், பல டன் விசையோடு அது பறந்து வரும். இந்த வேலையில் உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. இத்தகைய சக்கரங்களை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1980-ல் சட்டவிதி கொண்டுவந்தது. சாலையோரக் கடையில் கூண்டில்லாமல், சங்கிலியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு லாரி டயருக்குக் காற்றடிப்பதை இன்றும் காண்கிறோம். ஒரு கூண்டு செய்ய ஆகும் செலவுக்கும் ஒரு தொழிலாளியின் உயிருக்கும் ஒப்பீடே கிடையாது.

பீட் உட்கார்ந்துவிட்டதா என்று கண்ணால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. டயரின் பக்கச்சுவரில், ரிம் ஓரத்தை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் அச்சாகியிருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம் ஓரத்துக்கும் இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்திருந்தால், அங்கே பீட் முழுவதும் ஏறவில்லை. பத்து நொடியில் யாரும் பார்த்துவிடலாம். பிறகு பீட் ஓரத்திலும் வால்விலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் அழுத்தத்தை வண்டிக்கு உரிய அளவுக்குக் குறைக்க வேண்டும். அந்த அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும்.

முப்பது கிராமின் பலம்

எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் டயரும் ரிம்மும் சுற்றிலும் ஒரே எடையில் இருப்பதில்லை. ஓரிடத்தில் முப்பது கிராம் கூடுதல் என்று வைப்போம். வண்டி நிற்கும்போது அதற்கு ஒரு பொருட்டும் இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் அந்த முப்பது கிராம், வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 5 கிலோ எடைக்குச் சமம். அதுவும் நொடிக்குப் பதினைந்து முறை திசை மாறி மேலும் கீழும் குத்துகிறது. இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வதால், ஐம்பது கிலோமீட்டரில் அது கால் பங்குதான். ஊருக்குள் தெரியாத நடுக்கம் பைபாஸில் ஏறியதும் ஸ்டியரிங்கில் தெரிவது இதனால்தான்.

பேலன்சிங் மெஷின் சக்கரத்தைச் சுழற்றி, உள்பக்கம், வெளிப்பக்கம் என இரண்டு தளங்களிலும் தனித்தனியாகக் குறையைக் கணக்கிடுகிறது. இரண்டு தளங்கள் ஏன்? உள்பக்கத்தில் மேலே ஒரு பாரமும், வெளிப்பக்கத்தில் கீழே அதே அளவு பாரமும் இருந்தால், நிற்கும் சக்கரம் சமநிலையில் இருப்பதாகவே தோன்றும். சுழலும்போது மட்டும் அது இடமும் வலமும் ஆட்டம் போடும். ஓடவிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும் குறை அது. மெஷின் காட்டும் இடத்தில், காட்டும் எடையை ஒட்டி, மறுபடி சுழற்றி, இரு பக்கமும் சுழி வரும்வரை பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த எடைகள் ஈயத்தில் இருந்தன. சாலையில் உதிரும் ஈயம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் புது வண்டிகளுக்கு அதைத் தடைசெய்தது. இப்போது எஃகும் துத்தநாகமும் அந்த இடத்தில்.

பேலன்சிங்கையும் அலைன்மென்ட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பேலன்சிங் எடைப் பங்கீடு. அலைன்மென்ட் சக்கரங்கள் நிற்கும் கோணம். குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கினால் பேலன்சிங்கைப் பாருங்கள். ஸ்டியரிங்கை விட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட்டைப் பாருங்கள்.

நட்டு தாங்குவது எதை?

சக்கரம் வண்டிக்குத் திரும்புகிறது. காரின் எடையை வீல் நட்டுகள் தாங்குவதாகப் பலர் நினைக்கிறோம். நட்டின் வேலை வேறு. அது தான் ஏறும் திருகுத் தண்டை இழுத்து நீட்டி, சக்கரத்தை ஹப்பின்மேல் அழுத்துகிறது. எடையைத் தாங்குவது அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வு. 12 மில்லிமீட்டர் தண்டில் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், ஒவ்வொரு நட்டும் சுமார் 4 டன் விசையில் இறுக்குகிறது. முறுக்கும் முயற்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுவிசையாகிறது. மற்றதெல்லாம் புரியிலும் நட்டின் அடியிலும் உராய்வாகக் கழிகிறது. அங்கே யாராவது எண்ணெய் விட்டால், உராய்வு குறைந்து, அதே முறுக்கில் தண்டு எல்லை மீறி நீண்டுவிடும். புரியைச் சுத்தமாக வைக்க வேண்டும். கையேடு சொல்லாமல் எண்ணெய் விடக்கூடாது.

காற்றுத் துப்பாக்கியால் 'கர்ர்' என்று இறுக்கிவிட்டு அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தேவைக்கு மேல் இறுக்கும், சில நேரம் ஒரு நட்டுக்கு ஒரு மாதிரி இறுக்கும். நெடுஞ்சாலையில் டயர் மாற்ற நேரும்போது வீல் ஸ்பேனர்மேல் ஏறி நின்றாலும் அசையாத நட்டு அந்தத் துப்பாக்கியின் கைவரிசைதான். நட்டுகளைக் கையால் புரியில் பிடிக்க வைத்து, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, டார்க் ரெஞ்சால் முடிப்பதே முறை. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பதும் அதில் சேர்ந்தது; பரப்புகள் ஒன்றோடொன்று படிந்து இறுக்கம் சற்றுக் குறையக்கூடும்.

இரண்டு மட்டும் என்றால்

நான்கையும் சேர்த்து மாற்ற எல்லோராலும் முடிவதில்லை. இரண்டு மட்டும் வாங்கினால் எங்கே மாட்டுவது? இன்ஜின் முன்னால் இருக்கிறது, இழுப்பதும் முன்சக்கரம்தான், எனவே முன்னால் மாட்டலாம் என்று பலரும் சொல்வார்கள். டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு: புது டயர் பின்னால்.

காரணம் மழைத்தண்ணீரில் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் தேங்கிய நீரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு டயர், நொடிக்குச் சுமார் 10 லிட்டர் நீரை வழியிலிருந்து விலக்க வேண்டும். பட்டன்களுக்கு நடுவே உள்ள வாய்க்கால்கள் அதற்காகத்தான். புது டயரில் அவற்றின் ஆழம் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இந்தியச் சட்டப்படி கார் டயருக்குக் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்த டயரால் அவ்வளவு நீரையும் விலக்க முடியாமல் போகும்போது, அது தரையைவிட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. முன்சக்கரம் மிதந்தால் ஸ்டியரிங் இலகுவாகி, வண்டி நேராகப் போகும். ஓட்டுபவர் தன்னையறியாமல் காலை எடுப்பார், வேகம் குறையும், பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் மிதந்தால் எச்சரிக்கையே இல்லாமல் வால் விலகி வண்டி சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிக்கும் பயிற்சி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் இந்த நியாயம் மாறாது.

கடையில் நிற்க வேண்டிய நேரம்

ஒரு சிறிய கார் ஒவ்வொரு சக்கரத்தாலும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். நம் குடும்பம் முழுவதும் நம்பிப் பயணம் செய்வது அந்த நான்கு சிறிய பரப்புகளை. அவற்றுக்கு வந்து சேரும் ஒவ்வொரு விசையும் பீட்டையும் நட்டையும் கடந்துதான் வருகிறது. டயர் வாங்கும்போது பிராண்டையும் விலையையும் பற்றி நாம் ஒரு வாரம் விசாரிக்கிறோம். மாட்டும்போது டீ குடிக்கப் போய்விடுகிறோம். இந்த முன்னுரிமையை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வேன்.

கூடவே நின்று பாருங்கள். ரிம்மின் தளத்தைச் சுத்தம் செய்கிறாரா, வால்வை மாற்றுகிறாரா, என்ன பசை பூசுகிறார், எவ்வளவு அழுத்தம் வரை ஏற்றுகிறார், டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். மறுநாள் காலையில், வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தத்தைப் பாருங்கள். பத்து டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்கு மாறும் என்பதால், வெயிலில் ஓடிவந்து பார்க்கும் அளவு சரியான அளவன்று.

அவசரப்படுத்தாமல் இருப்பதும் நம் பொறுப்புதான். சுத்தம் செய்ய ஐந்து நிமிடம், பசை பூச இரண்டு நிமிடம், பீட் சிக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க இன்னும் ஐந்து நிமிடம். இந்த நேரத்தை மெஷின்காரருக்குக் கொடுப்பதும், அதற்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பதும் நாம் டயருக்குச் செய்யும் செலவிலேயே மிகப் பயனுள்ள பகுதி. பள்ளத்தின் ஆழத்தை வெல்ச் 1890-லேயே நமக்காக யோசித்து வைத்துவிட்டார். எதிர்ப்பக்க பீட்டை அந்தப் பள்ளத்தில் அழுத்திப் பிடிக்க, ஒவ்வொரு டயருக்கும் பொறுமையான ஒரு கை இன்னும் வேண்டியிருக்கிறது.